வயர் அறுந்தால் என்ன ஆகும்?

'மென்பொருளின் புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்.' கையேடு எழுதும் வேலையில் சேர்ந்த புதிதில் உங்களுக்குத் தரப்படும் முதல் காரியம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பழைய ஆட்கள் யாரும் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கணினி நிரல் மொழிக்கு முழுக் கையேடு எழுதுவது கௌரவமான வேலை, மாற்றக் குறிப்பு எழுதுவது பந்தி முடிந்த பிறகு இலை எடுப்பது போல என்று ஓர் எண்ணம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. என்னையும் அப்படித்தான் அதற்குள் தள்ளினார்கள். ஆனால் ஓய்வு பெறும்வரை நான் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஒரு நாள்தான் காரணம். அந்த நாளை உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மறைமலைநகரில் எங்களுடையது சின்ன நிறுவனம். தொழிற்சாலைகளில் மோட்டார், அடுப்பு, பம்பு இவற்றைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தோம். எப்போது எதை ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல எங்களுக்கென்றே ஒரு மொழி இருந்தது. பெரிய மொழியெல்லாம் இல்லை. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு எழுதிவிடலாம். அதுதான் எங்கள் பெருமையே. ஆண்டுக்கு ஒரு முறையாவது புதிய பதிப்பு வரும். டிஸ்க்கில் அடித்து, கூடவே என் குறிப்பையும் வைத்து, வாடிக்கையாளர்களுக்குக் குரியரில் அனுப்புவோம்.

மொழியை உருவாக்கிப் பராமரித்தவர் ரகுநாதன். திருச்சிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசிப்பார். யோசித்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நல்ல மனிதர். அவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது அபூர்வம். நான் இயற்பியல் படித்துவிட்டு, கொஞ்ச நாள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். நிரல் எழுதத் தெரியாது. எழுதியவரிடம் கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை.

அந்த ஆண்டுப் பதிப்பு இரண்டு நாட்களுக்கு முன்புதான் குரியரில் போயிருந்தது. வேலை முடிந்த நிம்மதியில் கேன்டீனில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரகுநாதன் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்தார்.

"ரொம்ப நாளா உறுத்திக்கிட்டிருந்த ஒரு தப்பையும் இந்தத் தடவை சரிபண்ணிட்டேன் மேடம்," என்றார்.

"எந்தத் தப்பு?"

"சென்சார்லேர்ந்து அளவு வரலைன்னா நம்ம மொழி அதைச் சைபர்னு எடுத்துக்கும் இல்லையா? வராத அளவும் சைபரும் ஒண்ணா? இப்ப அளவு வரலைன்னா 'தெரியாது'ன்னு வச்சுக்கும். தெரியாததைக் கொண்டுபோய் எதோட ஒப்பிட்டாலும் 'இல்லை'ன்னுதான் பதில் வரும். அதான் முறை."

"எப்பப் பண்ணீங்க இதை?"

"டிஸ்க் அடிக்கிறதுக்கு முன்னாடி நாள்."

"என் குறிப்புல இது இல்லையே ரகு. அது அச்சுக்குப் போயி ஒரு வாரமாச்சே."

"இது மாற்றம் இல்லையே மேடம், திருத்தம்தானே? மொழி எப்படி இருக்கணும்னு உங்க கையேட்டுல போட்டிருக்கோ, அப்படித்தான் இப்ப இருக்கு."

அவர் சொன்னது சரிதான். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சமாதானமாகவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், மனதில் தோன்றியதைக் கேட்டேன்.

"வயர் அறுந்தா என்ன ஆகும்?"

"அளவு 'தெரியாது'ன்னு ஆகும்."

"அது பெட்டிக்குள்ள ஆகுறது. வெளியில என்ன ஆகும்? ஓடுற மோட்டார் ஓடுமா, நிக்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அது அவங்க எப்படி எழுதியிருக்காங்கங்கறதைப் பொறுத்தது," என்றார் மெதுவாக.

அவர்கள் எப்படி எழுதியிருந்தார்கள் என்று ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி, தனபால் என்பவர் இறால் குஞ்சு பொரிப்பகம் வைத்திருந்தார். இறால் பண்ணைகளுக்குக் குஞ்சு உற்பத்தி செய்து கொடுக்கும் இடம். எங்கள் மொழியை அவருக்குக் கற்றுக்கொடுக்க நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். லட்சக்கணக்கில் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் தொட்டிகளில் ப்ளோயர் வைத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற பொரிப்பகங்களில் அதை நிறுத்தாமல் ஓட்டுவார்கள். தனபால் நவீனமாகச் செய்ய ஆசைப்பட்டு, தண்ணீரில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் போட்டு, குறையும்போது மட்டும் ப்ளோயர் ஓடும்படி அமைத்திருந்தார். அவர் எழுதிய வரி எனக்கு இன்றும் மனப்பாடம். ஆக்சிஜன் ஐந்துக்குக் கீழே போனால் ப்ளோயரை ஓட்டு. அவ்வளவுதான்.

பழைய பதிப்பில் சென்சார் வயர் அறுந்தால் அளவு சைபர். சைபர் ஐந்துக்குக் கீழே. ப்ளோயர் ஓடும். குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். புதிய பதிப்பில் வயர் அறுந்தால் அளவு தெரியாது. தெரியாதது ஐந்துக்குக் கீழேயா? இல்லை. ப்ளோயர் ஓடாது.

கடலோரத்தில் உப்புக்காற்று எந்த வயரையும் வாழவிடாது. அங்கே சென்சார் வயர் போவது மாதாந்திர விஷயம்.

ரகுநாதனிடம் சொன்னேன். அவருக்கு நான் முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு இருவரும் மேலே ஓடி, பொரிப்பகத்துக்குத் தொலைபேசி போட்டோம். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். அதே கதை. குரியர் அலுவலகத்தில் கேட்டதில் மாமல்லபுரம் பார்சல் முதல் நாள் மாலையே கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

மேனேஜரிடம் போனோம். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தானே தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பிடித்தவர்.

"அங்க இப்ப வயர் அறுந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"புது டிஸ்க்கைப் போட்டுட்டாங்களா?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாம, நாங்க அனுப்புனது ஆபத்துன்னு எப்படிம்மா போய்ச் சொல்றது? நாளைக்கு ஊரெல்லாம் பேசுவாங்க. ரகு இன்னும் ரெண்டு நாள் சோதிச்சுப் பாக்கட்டும். அப்புறம் முறையா ஒரு கடிதம் அனுப்புவோம்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் இந்த மாதிரி நேரம் வரும். யாரும் உங்களிடம் கத்தியிருக்க மாட்டார்கள். நிதானமாக, நல்ல காரணங்களோடு, காத்திருக்கச் சொல்வார்கள். நான் அப்போது யோசித்தது ஒன்றுதான். நாங்கள் போய், அங்கே ஒன்றுமில்லை என்று ஆனால், என்ன நஷ்டம்? கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கும். நாங்கள் போகாமல், அங்கே ஏதாவது ஆனால்?

"சார், நமக்குத் தெரியலைங்கறதையே அவர்கிட்ட சொல்லலாம்," என்றேன். "அசிங்கமாப் போச்சுன்னா என் பேர்ல போகட்டும். நான் லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். கம்பெனி சார்பா வரலைன்னு சொல்லிடறேன்."

"லீவெல்லாம் வேணாம்," என்றார் மேனேஜர். "போய்ட்டு வாங்க. ரகுவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பாத்து, பக்குவமாப் பேசுங்க."

அலுவலக வேன் சென்னைக்குப் போயிருந்தது. ரகுநாதனின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அதற்கு முன்னும் பின்னும் நான் சக ஊழியர் ஒருவரின் ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போனதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய பதிப்பு டிஸ்க் இருந்த பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய ஓட்டத்தில் கொளவாய் ஏரி வந்ததும் போனதும் தெரியவில்லை. செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மேடம், பழைய பதிப்புல இருந்தது தப்புதானே?"

"தப்புதான் ரகு."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நிறுத்தி மறுபடி தொலைபேசி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூத்துக்காரர், "எடுக்கலைன்னா காசு இல்லம்மா, கவலைப்படாதீங்க," என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

மாமல்லபுரத்தில் வெயில் கொளுத்தியது. சுற்றுலாப் பேருந்துகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கடந்து கடற்கரைச் சாலையில் ஏறி, சவுக்குத் தோப்புக்கு நடுவே மண் பாதையில் திரும்பினோம். பொரிப்பகத்தின் நீளமான இரண்டு கொட்டகைகளும் கண்ணில் பட்டன. முதல் கொட்டகையிலிருந்து ப்ளோயர் ஓடும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பின்னாலிருந்து ரகுநாதனின் தோளைத் தட்டினேன். "ஓடுது ரகு, ஓடுது!"

தனபால் வெளியே கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பா காலத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம இந்தாண்ட வந்துகீறீங்க? வாங்க சார், வாங்க. போன்கீன் பண்ணியிருந்தீங்களா? காலீலேர்ந்து அல்லாரும் கரையாண்ட கீறோம். கடல் தண்ணி இய்க்கிற பைப்புல மண்ணு அடைச்சிக்கிச்சி. இப்பத்தான் எடுத்துட்டு வரேன்."

"புது டிஸ்க் வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"வந்துச்சே! சோறு துன்ன வந்தப்ப, திரும்ப பைப்பாண்ட போறதுக்கு முன்ன நானே போட்டுட்டேன். சூப்பர் மேடம் உங்க புது வெர்ஷனு." அவர் ரகுநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டாவது கொட்டாய்ல ப்ளோயரு ரெண்டு நாளா சும்மா ஓடிக்கினே இருந்துச்சி சார். நிக்கவே மாட்டேன்னுது. பேஜாரு. கரண்டுக்குக் கேடு. உங்க டிஸ்க்கப் போட்டேன் பாருங்க, கப்புனு நின்னுடுச்சி. அப்புறம் சத்தமே இல்ல."

சத்தமே இல்லை. நாங்கள் கேட்டது முதல் கொட்டகையின் சத்தம் மட்டும்தான்.

இரண்டு நாட்களாக அங்கே ப்ளோயர் நிற்காமல் ஓடியதற்குக் காரணம் வயர் அறுந்திருந்ததுதான். பழைய பதிப்பு சைபர் என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறது. புதிய பதிப்பு ஏறியதும் நிறுத்திவிட்டது. ரகுநாதன் என்னைப் பார்த்தார். தனபாலுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

"அண்ணே, ரெண்டாவது கொட்டகை ப்ளோயரைக் கையால போட முடியுமா? உடனே!"

"ஏன் மேடம்?"

"முதல்ல போடுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் கடலோடு பழகிய குடும்பத்தில் பிறந்தவர். ஒருவர் குரலில் அவசரம் இருந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பவரில்லை. "கன்னிம்மா! ரெண்டாவது ப்ளோயரு, கை சுச்சு! போடு போடு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

கரையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியம்மா எங்களுக்கு முன்னாலேயே சுவரோரப் பலகைக்குப் போய்விட்டிருந்தார். சுவிட்சைத் தள்ளினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மோட்டார் உறுமி, குழாய்கள் உதறி, வரிசையாகத் தொட்டிகளில் குமிழிகள் கிளம்பின. கொட்டகை முழுவதும் கொதிக்கும் சத்தம் போல எழுந்தது.

எனக்குத் தொட்டியை எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. கன்னியம்மா ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"அய்யோ, சோந்து கெடக்குதுண்ணா," என்றார். "இன்னா ஆச்சி இதுங்களுக்கு? காலீல துள்ளிக்கினு இருந்துச்சே!"

குவளைக்குள் தலைமுடித் துணுக்குகள் போலக் குஞ்சுகள் அடியில் படிந்திருந்தன. ஒன்றிரண்டு மட்டும் அசைந்தன. தனபால் அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார் நடந்துச்சி?"

ரகுநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒப்பீடு, மதிப்பு, விதி என்று எங்கள் பாஷையில் வார்த்தைகள் வந்தன. தனபாலின் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் குறுக்கிட்டேன்.

"அண்ணே, உங்க சென்சார் வயர் அறுந்திருக்கு. முன்னாடியெல்லாம் வயர் அறுந்தா, பெட்டி ஆக்சிஜன் சைபர்னு நெனச்சு ப்ளோயரை ஓட்டிடும். இப்ப நாங்க அனுப்புனதுல அதை மாத்திட்டோம். வயர் அறுந்தா, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு பெட்டி சும்மா இருந்துடும். இதை உங்ககிட்ட யாரும் சொல்லலை. எங்களுக்கே இன்னிக்குக் காலையிலதான் உறைச்சுது. அதான் ஓடி வந்தோம்."

பக்குவமாகப் பேசுங்கள் என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். எனக்குத் தெரிந்த பக்குவம் அவ்வளவுதான்.

ரகுநாதன் ஒரு அடி முன்னால் வந்து, "மாத்தினது நான்தான் சார்," என்றார்.

"இரு சார்," என்றார் தனபால். "யாரு மாத்துனதுன்றது அப்பால பாத்துக்கலாம். மொதல்ல இதுங்க பொழைக்குதான்னு பாப்போம்."

ரகுநாதன் சும்மா நிற்க முடியாமல் தவித்தார். "நான் அலுவலக அறைக்குப் போய்ப் பழைய பதிப்பை ஏத்திடறேன் மேடம். அஞ்சு நிமிஷம்தான்," என்றார். அதை ஏற்ற வேண்டுமானால் பெட்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதல் கொட்டகையும் நிற்கும். அவருக்கு அது தெரியாமலில்லை. செய்த காரியத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற துடிப்பு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. தப்பு நடந்தவுடன் நம் கை அப்படித்தான் பரபரக்கும். நான் டிஸ்க் பையைக் கொடுக்கவில்லை.

"இப்ப எதையும் தொடாதீங்க ரகு. முதல் கொட்டகையையும் கைக்கு மாத்தச் சொல்லுங்க. ரெண்டும் கையிலேயே ஓடட்டும். இதுங்க தேறினப்புறம் பெட்டியைப் பாக்கலாம்."

அப்படியே செய்தார்கள். பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கன்னியம்மா தொட்டி தொட்டியாகப் போய் மொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். தனபால் அவர் பின்னாலேயே நடந்தார். ரகுநாதன் ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். திருப்போரூர் முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டதாகவும் ஞாபகம்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கன்னியம்மா கொட்டகையின் கோடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணா, இங்க வா! நீஞ்சுது பாரு!"

ஓடினோம். குவளைக்குள் குஞ்சுகள் மேலும் கீழுமாகத் தத்திக்கொண்டிருந்தன. ஓரமாகச் சில அசையாமல் கிடந்தன. ஆனால் பெரும்பாலானவை நீந்தின. அடுத்த தொட்டியிலும் அப்படியே. மூலையிலிருந்த ஒரு தொட்டியில் மட்டும் சேதம் அதிகம். கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது பாதி பூடுச்சி. மத்ததுங்கோ பொழச்சிக்கிச்சி. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா அல்லாமே போயிருக்கும்ணா."

தனபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்தில், குழாய்களுக்கு நடுவே. முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு நானும் உட்கார்ந்தேன். எங்கள் இருவரையும் பார்த்துக் கன்னியம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தனபாலுக்கும் தொற்றியது. ரகுநாதன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போய், சவுக்கு மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு நிதானமாக வயரை மாற்றினார்கள். பழைய வயர் தோலுக்குள் பச்சையாகப் பொடிந்து கிடந்தது. பழைய பதிப்பை ஏற்றி, வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிப் பார்த்தோம். ப்ளோயர் தானாக ஓட ஆரம்பித்தது. தனபால், "ஆங், இதான், இதான்," என்றார். "சும்மா ஓடிச்சின்னா வயரு போச்சின்னு இனிமே எனக்கும் தெரியும்." பொழுது சாய்வதற்குள் எங்களுக்கு மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். ரகுநாதன் சைவம். ரசம் விட்டுச் சாப்பிட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நடந்ததை மேனேஜரிடம் சொன்னோம். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்துபோய் வரவேற்பிலிருந்த பெண்ணிடம், இன்று வெளி அழைப்பு எதையும் மாற்றித் தர வேண்டாம், எல்லா லைனும் எங்களுக்கு வேண்டும் என்றார். முதல் எண்ணை அவரே சுழற்றினார்.

நான் கற்றுக்கொண்டதில் பாதி பொரிப்பகத்தில் என்றால், மீதி அந்தத் தொலைபேசிப் பேச்சுகளில். உள்ளூரிலேயே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பெயின்ட் அடித்த பாகங்களைச் சூடேற்றிக் காயவைக்கும் அடுப்புக்கு எங்கள் பெட்டி. அங்கிருந்த பராமரிப்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஆரம்பித்தேன். வயர் அறுந்தால் இனிமேல் ஹீட்டர் ஓடாது, நின்றுவிடும் என்றேன்.

"நின்னுடுமா?" என்றார். "நெஜமாவா மேடம்? இத்தத்தான நான் ரெண்டு வருஷமா கேட்டுக்கினு கீறேன்! வயரு போச்சின்னா சைபர் டிகிரின்னு நெனச்சிக்கினு ஹீட்டரு ஏறிக்கினே போவும். போன மழையில ஒரு லோடு கருகிப்போச்சி. ஆபீஸ்ல யாருமே காதுல வாங்கல. யாரு மேடம் சரிபண்ணது? அவர்க்கு ஒரு டீ வாங்கித் தரணும்."

நான் தொலைபேசியை ரகுநாதனிடம் நீட்டினேன். அந்த மனிதர் சொன்னதையே மறுபடி ஒரு முறை அவருக்கும் சொன்னார். முதல் நாளிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

ஒரே மாற்றம். கடலோரத்தில் உயிரை எடுக்கப் பார்த்தது. இங்கே தீயைத் தடுத்தது. நாங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்தம் என்றோ மேம்பாடு என்றோ பெயர் வைத்தால், அது பாதிப் பேருக்குப் பொய். உங்களிடம் வரும் குறிப்புகளில் 'சரிசெய்யப்பட்டது', 'மேம்படுத்தப்பட்டது' என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர் நேர்மையானவராகவே இருப்பார். நீங்கள் எழுந்துபோய் அவரிடம் கேளுங்கள். இதுவரை என்ன நடந்தது, இனி என்ன நடக்கும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அது நல்லதா கெட்டதா என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்வார். அவருடைய தொட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

சாயங்காலத்துக்குள் எல்லா வாடிக்கையாளரையும் பிடித்துவிட்டோம். வேறெங்கும் சேதமில்லை. கடைசி எண்ணையும் போட்டு முடித்து, மேனேஜர் எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார். அதற்கடுத்த பதிப்பில் ரகுநாதன் மொழியையே கொஞ்சம் மாற்றினார். அளவு வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் நிரல் ஏறாது. அந்த மாற்றத்தைப் பற்றிய குறிப்பை அவரே என் மேசைக்கு எடுத்துவந்து, எதிரில் உட்கார்ந்து, "கேளுங்க மேடம்," என்றார். அன்று மத்தியானம் முழுக்கக் கேட்டேன். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

பொரிப்பகத்துக்குப் போய்வந்து ஒரு வாரம் கழித்துத் தனபால் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், குஞ்சுங்கோ வண்டி ஏறிடுச்சி. நல்லா துள்ளிக்கினு போவுதுங்கோ. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சி."

"ரொம்ப சந்தோஷம்ணே. புதுசா ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கேன். வயர் விஷயம் எல்லாம் விளக்கமா அதுல இருக்கு. படிச்சீங்களா?"

அவர் கடகடவென்று சிரித்தார். "எங்க மேடம்! அத்தயெல்லாம் யாரு படிக்கிறது? நீ ஒண்ணு பண்ணும்மா. அடுத்த தபா எத்தனா மாத்துனீங்கன்னா போன் பண்ணி ரெண்டு வார்த்த சொல்லிடு. கொட்டாய்ல இன்னா ஆவும், நான் இன்னா பண்ணணும். அது போதும் எனக்கு."

அன்றிலிருந்து மாற்றக் குறிப்பின் முதல் பக்கத்தை எழுத உட்காரும்போதெல்லாம் தொலைபேசியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் தனபால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஈர லுங்கியோடு, அவசரத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை மட்டும் எழுதுவேன்.